கறுப்பு டேப்

டிவிக்குப் பின்னால் குனிந்து கேபிளை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் சென்னியப்பன் நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் படம் போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினார், நாலு எண்ணுவதற்குள் திரும்பி வந்தது, வீடியோவில் மகள் கீர்த்தனா கல்யாண மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தாள், ஒன்றுமே நடக்காதது மாதிரி. நாதஸ்வரம் மட்டும் இழை அறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அறாது, அது தனி ஒயர், கம்ப்யூட்டரிலிருந்து நேரே ஆம்ப்ளிபயருக்குப் போகிறது, படத்துக்கு வேறே கேபிள், படம் போனாலும் சத்தம் இருக்கத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. கவுண்டம்பாளையத்துத் தெருவெல்லாம் வெயில் காய்கிறது, இந்த அறைக்குள் மட்டும் அமாவாசை. தியேட்டர் என்றால் தியேட்டராக இருக்க வேண்டும், அரைகுறை வேலை அவருக்கு ஆகவே ஆகாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை ஆணியடித்து வைத்திருந்தார், கதவிடுக்கில் கால்மிதியைச் சுருட்டித் திணித்திருந்தார். மகள் ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர், ஐம்பத்தைந்து அங்குல டிவி, ஐந்து ஸ்பீக்கர், எல்லாம் அவர் கையாலேயே பூட்டியது. மில்லில் இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்த கை சும்மா இருக்குமா. ஆம்ப்ளிபயர் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு, கம்ப்யூட்டரில் ஒரு நீலம், டிவிக்கு அடியில் ஒரு பச்சை. படம் பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது என்று மூன்றின் மேலும் கறுப்பு டேப்பை ஒட்டி மூடிவிட்டார். இந்த அறையில் வெளிச்சம் என்றால் அந்தப் படம் ஒன்றுதான், அது போனால் தன் கையே தனக்குத் தெரியாது.

மூன்று வாரமாக இந்தக் கூத்து. முதலில் கேபிள் என்றுதான் நினைத்தார், யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், காந்திபுரம் போய்ப் புதுசு வாங்கி வந்து போட்டார், இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் போனது. டிவியில் சொருகும் இடத்தை மாற்றினார், அன்றைக்கே போனது. கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டினார், படம் அனுப்புகிற அட்டையைக் கழற்றி ரப்பர் வைத்துத் தேய்த்துத் திரும்ப மாட்டினார், மகளைப் போனில் பிடித்து அவள் சொல்லச் சொல்ல என்னென்னவோ அமுக்கி மென்பொருளைப் புதுசாக ஏற்றினார். அவள் போன் முடியும்போது, அப்பா, அந்த டிவியத் தூக்கி வீசிட்டுச் செத்த நேரம் தூங்குங்கப்பா என்றாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், மாற்றினதை எழுதிவைக்க வேண்டும், இது மில்லில் புதுசாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் அவர் ஓதின மந்திரம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரைக்கும் தெரியாது. செத்துப்போன மிஷினைப் பார்த்துப் பயப்படாதே, அது நல்லவன், செத்துட்டேன்னு சொல்லிட்டுச் சாகும், விட்டுவிட்டு வருகிற கோளாறு, அந்த பால்ட்டைப் பார்த்துத்தான் பயப்படணும், மீட்டரை எடுத்துக்கொண்டு போனால் யோக்கியன் மாதிரி நிற்கும், முதுகைத் திருப்பினால் கழுத்தை அறுக்கும் என்றும் அவர்களிடம் சொல்லுவார். சரி, அதெல்லாம் மாற்றியாயிற்று, மிச்சம் என்ன இருக்கிறது. டிவி இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, அப்புறம் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவன் இருக்கிறான். இந்த மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை, மூன்று நாளாக வருகிறது, கேபிளைப் பற்றி நினைக்க ஆரம்பித்தால் போதும், வால் பிடித்துக்கொண்டு அதுவும் வந்துவிடுகிறது. மில்லை விட்டபிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டுவதுதான் அவர் பிழைப்பு, நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. காலாண்டு லீவு ஒன்பது நாள் ஓடினதே தெரியவில்லை. நாளைக் காலை ஏழு பத்துக்கு முதல் நிறுத்தம், அங்கே ஆரம்பித்து எட்டே காலுக்குள் பதினாலு பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கேட்டுக்குள் விடவேண்டும்.

படம் அவர் ஒருத்தருக்கு மட்டும் போவதாக இருந்தால்தானே கவலைப்படவேண்டும். பெண்டாட்டி வசந்தாமணியும் பார்த்திருக்கிறாளே. ஒரு தடவையா இரண்டு தடவையா, இதே அறையில் இதோ இந்த நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பாரு புள்ளே, போச்சு பாரு என்று இவர் சொல்லும்போதெல்லாம், ஆமாங்க, போயிருச்சுங்க என்று சொல்லியிருக்கிறாள். சாட்சி இருக்கிறது. இந்தச் சாட்சியைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வாரம் ஓட்டினார். ஆனால் நேற்று ராத்திரி சாப்பிடும்போது, ரசத்துல இன்னைக்கு உப்புக் கொஞ்சம் தூக்கலோ என்று கேட்டார், ஆமாங்க, தூக்கல்தானுங்க என்றாள், ஒரு வாய் கூட அவள் அப்போது சாப்பிட்டிருக்கவில்லை. அந்த ஆமாங்க அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. முப்பது வருஷத்தில் அவள் எதற்காவது இல்லைங்க என்று சொல்லியிருக்கிறாளா என்று படுத்துக்கொண்டே யோசித்தார். கல்யாணம் ஆன புதுசில் ஒரு தடவை, பெரிய மாமன் வீட்டுக்குப் போகிற பஸ் நம்பரைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள், அவர் அன்றைக்கு நாலு பேர் நடுவில் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டார், கடைசியில் அவள் சொன்ன நம்பர்தான் சரி. அதற்கப்புறம் எல்லாம் ஆமாங்கதான். மழை வருமாட்ட இருக்குது, ஆமாங்க. அவன் ஒரு மடப்பயல், ஆமாங்க. இந்த மாதிரி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மில் சிநேகிதர்கள் சொல்வார்கள், அவரும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்பார். இந்த இருட்டில், ஏசி இல்லாத அறையின் புழுக்கத்தில், அவள் நாற்காலியில் தலை சாய்த்துப் பாதித் தூக்கத்தில்தான் இருப்பாள். கண்ணைத் திறந்து பார்த்துத்தான் சொன்னாளா என்று யாருக்குத் தெரியும். கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை.

ரிமோட்டை எடுத்துக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். மாலை மாற்றுகிற இடம். இந்த வீடியோவைத்தான் எப்போதும் போட்டுப் பார்ப்பது, மனப்பாடம், எங்கே யார் தும்முவார்கள் என்பது வரைக்கும் தெரியும், வீடியோக்காரன் வேண்டுமென்று இருட்டாக்கின இடம் எது, தானாகப் போனது எது என்று குழப்பம் வராது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். எவ்வளவு புத்திசாலித்தனம், எத்தனை ஏற்பாடு, ஆனால் அந்தத் துடியலூர் ரோட்டு ஆட்டோ எங்கிருந்து வந்தது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். லீவு விட்ட அன்றைக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரயில்வே கேட் தாண்டி மூன்றாவது நிறுத்தம். முன் சீட்டில் தன்ஷிகா, ஒண்ணாங்கிளாஸ், வாய் மூடாது, பரீட்சையில் யானைக்கு எத்தனை கால் போட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள், தண்ணீர் பாட்டில் அவள் மடியிலிருந்து விழுந்து கிளச்சுக்குப் பக்கம் உருண்டது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது, குனிந்து எடுத்துக் கொடுத்தார், நிமிர்ந்தார், கியர் போட்டு நகர்த்தினார். ரோடு காலியாக இருந்தது. காலியாக இருந்ததா, இல்லை ஒன்றுமே இல்லையா. அங்கேதான் நினைவு ஒவ்வொரு தடவையும் தட்டி நிற்கிறது, ரோடு காலியாக இருந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா, பார்க்காத ஞாபகம் இருக்கிறதா. அப்புறம் மூக்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் ஆட்டோ, ஆகாசத்திலிருந்து இறங்கினது மாதிரி. பிரேக்கை மிதித்த மிதியில் தன்ஷிகா முன்னால் போய் இடித்துக்கொண்டாள், உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பின்னால் மிச்சமிருந்த பிள்ளைகள் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அவர் இறங்கிப்போய் ஆட்டோக்காரனை, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியாடா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது என்று கேட்டார். அந்த ஆள் வயசானவன், எதிர்த்துப் பேசவில்லை, ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நான் அப்ப இருந்து வந்துட்டுத்தானுங்க இருக்கறேன், ஆரனும் அடிச்சனுங்க என்றான். ஆரன். ஆரன் காதில் விழுந்தது, இப்போது நினைத்தால் விழுந்தது. சத்தம் அறாது, சத்தத்துக்குத் தனி ஒயர்.

தன்ஷிகாவின் அம்மாவிடம், ஆட்டோக்காரன் குறுக்கே வந்துட்டானுங்க, நல்ல வேளை நம்ம பிரேக்குல நின்னுது என்று சொன்னார். அந்தம்மா, அண்ணா, நீங்க ஓட்டறதால தப்பிச்சோம், வேற ஆளா இருந்திருந்தா என்று கை கூப்பினாள். அந்தக் கூப்பின கை ஒன்பது நாளாகக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஏன், ஜூன் மாசம் கண் பரிசோதனை முகாமில் எல்லா வேன் டிரைவர்களையும் வரிசையில் நிறுத்தி எழுத்துப் படிக்கச் சொன்னார்களே, கடைசி வரி வரைக்கும், எறும்பு மாதிரி இருக்கிற எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தாரே, டாக்டரம்மா, உங்களுக்கு எளந்தாரிக் கண்ணுங்க என்றாளே. சர்டிபிகேட் வேனிலேயே இருக்கிறது. மீட்டரை வைக்கும்போது யோக்கியன் மாதிரி நிற்கும். சீ, என்ன நினைப்பு இது. குளியலறையில் போன வாரம் வாளியைத் தூக்கி நிமிர்ந்தபோது லைட் போய் வந்தது, வசந்தா, கரண்ட் போயி வந்துச்சா என்று உள்ளிருந்தே சத்தம் போட்டார், ஆமாங்க, போச்சாட்ட இருக்குதுங்க என்று பதில் வந்தது. ஆனால் சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவே இல்லை, அந்தச் சத்தத்துக்கு மேலேதான் அவள் குரல் கொடுத்தாள். மிக்ஸி இன்னொரு லைனில் இருக்கிறது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டார். இந்த வீட்டுக்கு ஒயரிங் போட்டதே அவர்தான், குளியலறையும் சமையலறையும் ஒரே லைன். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டாயிருமாடா என்று மில்லில் பையன்களைக் கேட்பார், பால்ட்டைப் பார்த்தும் பார்க்காதமாதிரி போகிறவனைப் பிடித்து எல்லார் முன்னாலும் கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார் வேறே. பயமாக இருந்தது. கண் போய்விடுமோ என்றுகூட இல்லை, அந்த மூன்று எண்ணுகிற நேரத்துக்குள் வேன் எத்தனை அடி போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்து பிடித்த பயம்.

எதிரே ஆம்ப்ளிபயர் இருந்தது. அதன் நெற்றியில் கறுப்பு டேப். அதை உரித்தால் போதும், ஒரு விரல் வேலை. அடுத்த தடவை படம் போகும்போது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் குற்றவாளி மிஷின், சிவப்பும் சேர்ந்து போனால் குற்றவாளி இவர். மூன்று வாரமாக எதை எதையோ பிரித்து மேய்ந்த மனுஷனுக்கு இது தோன்றாமல் இருக்குமா, முதல் வாரமே தோன்றிவிட்டது. தோன்றின உடனே எழுந்துபோய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தார். அதைத்தான் இப்போது ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிவியையே வேறே மாற்றிப் பார்க்கலாம் என்று நேற்றுவரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தார், மயில்சாமி வீட்டு டிவியைக் கடன் கேட்கலாம் என்று. மயில்சாமியும் வேன் ஓட்டுகிறவன், சொந்த வண்டி இல்லாமல் மாற்று டிரைவராகப் போகிறவன், லீவு நாளில் கூடமாட ஒத்தாசைக்கு வருவான், ஓட்டத்தில் நிதானம் உள்ளவன். அவன் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவனும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, எங்கீங்ணா போச்சு, நல்லாத்தான ஓடுது என்று சொல்லிவிட்டால். அதனால்தான் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்கு டிவி கனம் என்று காரணம் சொல்லிக்கொண்டார். எழுந்தார். இரண்டடி நடந்தார். நகத்தை டேப்பின் ஓரத்தில் வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார், தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தார், தண்ணீர் செம்பு பக்கத்திலேயே இருந்தது. தன்ஷிகாவுக்கு உதட்டில் இரண்டு தையல் என்றார்கள். நாளைக்கு அதைக் காட்டுவாள், அண்ணா பாருங்க என்று முகத்தை முன்னால் நீட்டிக் காட்டுவாள். டேப்பை உரித்தார்.

சிவப்பு விளக்கு மிளகு அளவுக்குத்தான் இருந்தது, ஆனால் அந்த இருட்டுக்கு அதுவே அதிகம். நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். படம் ஓடியது. சிவப்பு எரிந்தது. மாலை மாற்றினார்கள், தாலி கட்டினார்கள், சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக மேடையேறிப் போட்டோவுக்கு நின்றார்கள், ஒன்றும் போகவில்லை. கால் மணி ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. மனசு மெல்ல ஆசைப்பட ஆரம்பித்தது, சரியாகிவிட்டதோ, ஒருவேளை கேபிளைக் கடைசியாக ஆட்டினதில் எங்கோ சரியாக உட்கார்ந்துவிட்டதோ, நாளைக்கு ஏழு பத்துக்கு வண்டியை எடுத்துவிடலாமோ. பந்தியில் இலை போடுகிற இடம் வந்தபோதுதான் பொறி தட்டியது. இந்த இருபது நிமிஷமும் அவர் உட்கார்ந்தே இருந்தார். பால்ட் எப்போதும் கேபிளைத் தொட்டால்தானே வருகிறது, டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்து, தொட்டு, நிமிர்ந்தால். தொடுவதால் வருகிறது என்றுதான் மூன்று வாரமும் எழுதி வைத்திருந்தார். குனிகிறது ஒன்று, தொடுகிறது ஒன்று, நிமிர்கிறது ஒன்று. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒன்றின் மேல் பழியைப் போட்டிருக்கிறார். மில்லில் புதுசாக வந்த பையன்கூடச் செய்யமாட்டான் இந்தத் தப்பை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். குனிந்தார், கேபிளைப் பார்த்தார், தொடவில்லை, முப்பது வரைக்கும் எண்ணினார், நிமிர்ந்து ஆம்ப்ளிபயரைப் பார்த்தார். படம் போயிற்று. சிவப்பு இல்லை. பந்தியில் யாரோ சாம்பார் சாம்பார் என்று கேட்டுக்கொண்டே போகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. சிவப்பும் படமும் ஒன்றாக வந்தன.

ஒரு தடவை வந்தால் அது கணக்கில்லை, இரண்டாம் தடவையும் வந்தால்தான் பால்ட் என்று பேர் வைக்கவேண்டும், அதுவும் அவர் ஓதின மந்திரம்தான். கதவுக்குக் கீழே இருந்த கால்மிதி சரிந்தது, கதவு திறந்தது, நாலு மணிக் காப்பியோடு வசந்தாமணி நின்றாள். கதவு வழியே வெயில் உள்ளே விழுந்து அறை முழுக்கத் தெரிந்தது, ஐந்து ஸ்பீக்கரும், ஆணியடித்த கறுப்புத் துணியும், அவள் நெற்றித் திருநீறும். ஏனுங்க, இன்னும் அதையே நோண்டிட்டிருக்கறீங்களா, காப்பி ஆறுதுங்க என்றாள். அங்கேயே நில்லு வசந்தா, கதவச் சாத்தாதே என்றார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார், எண்ணினார், அவளைப் பார்க்கத் திரும்பி நிமிர்ந்தார். டிவி போயிற்று, சிவப்பு போயிற்று, வெயில் போயிற்று, கதவும் காப்பியும் வசந்தாமணியும் போனார்கள். அந்த இருட்டைப் பார்த்து, வசந்தா, படம் போச்சா என்று கேட்டார். இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல், எப்போதும்போல மெத்தென்று, ஆமாங்க, போயிருச்சுங்க என்றது.

திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் அதே டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள், முகம் இவர் பக்கம் இருந்தது, டிவி பக்கம் இல்லை. நீ டிவியப் பாத்தியா என்றார். கோபமாகக் கேட்கவில்லை, கேட்க வரவில்லை. அவள் தடுமாறினாள். நான் எங்கீங்க பாத்தேன், நீங்க போச்சான்னு கேட்டீங்க, போச்சுன்னேன் என்றாள். இதுக்கு மின்னால போச்சுன்னு சொன்னதெல்லாம் என்றார். நீங்க பாத்துட்டுத்தானுங்க சொல்லுவீங்க, அதுல நான் என்னத்தைங்க தனியாப் பாக்கறது என்றாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, அந்த ஆமாங்கவை முப்பது வருஷம் சோறு போட்டு வளர்த்தவர் அவர்தான். சுவர் ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்தார், பிள்ளையார் படம் போட்ட வளையம், வண்டி வாங்கின அன்றைக்கு அவள் மாட்டிவிட்டது. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். அப்புறம் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு, அவளுடைய அந்தக் கையிலேயே சாவியை வைத்தார். இத உங்கிட்ட வெச்சுக்க, நானே கேட்டாலும் குடுக்காதே என்றார். போனை எடுத்து மயில்சாமியைக் கூப்பிட்டார். நாளையிலிருந்து நம்ம வண்டிய நீ எடுக்கோணும் மயிலு, ஏழு பத்துக்கு மொத நிறுத்தம், லிஸ்ட்டு சாயங்காலம் வந்து தர்றேன், தன்ஷிகான்னு ஒரு புள்ள, முன்னால உக்காருவேன்னு அழுவும், உக்கார வெக்காதே, நடுவுல வெச்சுக்கோ, அவங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன், பேச வேண்டியது இருக்குது என்றார். அந்தப் பக்கம் மயில்சாமி ஏனுங்ணா, என்னாச்சு, உடம்புக்கு முடியலீங்களா என்று கேட்டான். நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன், பாக்கலாம் என்று வைத்துவிட்டார். வசந்தாமணி சாவியை முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். ஏனுங்க, டிவிக்கு என்னதானுங்க ஆச்சு என்றாள். டிவி நல்லாத்தான் இருக்குது வசந்தா, ஒரு குறையுமில்ல, எனக்குத்தான் போயிப் போயி வருது என்றார். வசந்தாமணி ஆமாங்க என்று சொல்லவில்லை.